நெடி வராத வத்தல்

என் தம்பி கொண்டுவந்த மிளகாய் வத்தல் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடுக்களைப் பரணில், ஒரு கண்ணாடிப் பாட்டிலில். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பாட்டிலை ஒரு கவரில் போட்டு முடிச்சிட்டு, அதற்கு மேல் ஒரு பழைய அண்டாவையும் கவிழ்த்து வைத்திருக்கிறோம். தூக்கிப் போடலாம்தான், எங்கே போடுவது? எரிக்க முடியாது, அதில் நாங்கள் பட்ட பாடு போதும். குப்பை வண்டியில் போட்டால் பாவம், அந்த அக்கா வெறும் கையால் அள்ளுவாள். புதைத்தால் முளைத்துத் தொலைக்கும். சவம் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் பரணில் எதையாவது எடுக்க ஏறும்போதெல்லாம் அந்த அண்டா கண்ணில் பட்டுவிடுகிறது. உடனே எதிர்வீட்டுக்காரியின் முகம் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு எதை எடுக்க ஏறினேன் என்பதே எனக்கு ஞாபகம் வருவதில்லை.

தென்காசியில் நாங்கள் இருப்பது ஒரு வளவு. நடுவில் முற்றம், இரண்டு பக்கமும் எதிரெதிராக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் வீட்டுக்காரர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். எதிர்வீட்டுக்காரி தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறாள். அவள் கணவர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர், சீசன் வந்துவிட்டால் வீட்டுக்கு வருவதே அபூர்வம். அவள் என்னைவிடச் சின்னவள். என்னை யக்கா என்பாள், நான் அவளை ஏட்டி என்பேன். என் வீட்டுச் சாவி அவள் வீட்டு ஆணியில் தொங்கும். அவள் வீட்டு அரிசியும் என் வீட்டு உளுந்தும் ஒரே கிரைண்டரில் அரைபடும். அப்படி இருந்தோம்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் வியப்பாள். பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான், ஆனாலும் சாரல் தொடங்கிவிட்டால் முற்றத்தில் நின்றுகொண்டு, "யக்கா, வெரசா வாங்க, மேகம் மலை மேல வந்து எப்படி உக்காந்திருக்குன்னு பாருங்க!" என்று கூப்பாடு போடுவாள். நான் வைத்த புளிக்குழம்பை வியப்பாள். என் சேலையை வியப்பாள். ஒருமுறை என் தலைமுடியைத் தூக்கிப் பிடித்து, "எம்மாடி, என்ன அடர்த்தி!" என்றாள். அடுத்த மாதமே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நடுவில் எனக்கு டைபாய்டு வந்திருந்தது, அதனால் கொட்டியது. அப்போது நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிற்பாடு நான் அந்த முடியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான், நாகாலாந்துப் பக்கம் வேலை. அவன் மனைவிக்கு ராயகிரியில் தாய்வீட்டில் வைத்துப் பிரசவம் ஆனது, ஆண் பிள்ளை. எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்குப் புகுந்த வீடு என்பது நான்தான். மூன்றாம் மாதம் தம்பி லீவில் வந்து, மனைவியையும் பிள்ளையையும் என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். வரும்போது கம்பளி, மூங்கில் கூடை என்று என்னென்னவோ கொண்டுவந்தான். கடைசியாகப் பையின் அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை இரண்டு விரலால் எடுத்தான். கட்டைவிரல் பருமனில், தோல் சுருங்கி, கருஞ்சிவப்பாக வத்தல்கள்.

"அங்கன இதை ராஜா மிளகாய்ம்பாக அத்தான். ஒரு பானைக் குழம்புக்கு ஒரு வத்தல். அதையும் முக்கி எடுத்துட்டு வெளிய போட்டுருவாக," என்றான்.

என் வீட்டுக்காரருக்குக் காரத்தில் ஒரு வீராப்பு உண்டு. செங்கோட்டைச் சந்தையில் காந்தாரி மிளகாய் வாங்கிவந்து, உப்பு வைத்து நசுக்கி, தேங்காயெண்ணெய் விட்டு, அவித்த கிழங்கோடு தின்பார். தின்னும்போது கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று நாங்கள் பார்க்க வேண்டும். வராது. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

"ஏ மாப்ள, காந்தாரியையே வெறும் வாயில தின்னவன்ட்ட வந்து பூச்சாண்டி காட்டுதியா?" என்று ஒரு வத்தலை எடுத்துப் பாதியைக் கடித்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. தம்பியைப் பார்த்து ஒரு இளிப்புக்கூட இளித்தார். பிறகு இளிப்பு அப்படியே நின்றுவிட்டது. காது சிவந்தது, விக்கல் எடுத்தது, குழாயடிக்கு ஓடி வாயைத் திறந்து தண்ணீருக்கு அடியில் காட்டிக்கொண்டு நின்றார். வளவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரிதான் தயிரும் சீனியும் கொண்டு ஓடிவந்தாள். அப்போதும் அவளுக்கு வியப்புத்தான்.

"அண்ணாச்சிக்கு என்ன தைரியம் யக்கா! பாதி வத்தலைத் தின்னுட்டாகளே!" என்றாள்.

தைரியம் இரண்டு நாள் கக்கூசிலேயே கிடந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் ஏற்கெனவே புண் இருக்கிறது, இனி வீட்டில் காரமே கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு ஒரு குழம்பு, அவருக்குத் தனியாக ஒரு குழம்பு என்று வைக்க எனக்கு எங்கே நேரம்? மொத்தமாக மாற்றிவிட்டேன். கடையில் காஷ்மீரி மிளகாய் என்று விற்கிறார்களே, நல்ல சிவப்பு நிறம் கொடுக்கும், காரம் பேருக்குத்தான் இருக்கும், அதை வாங்கி வத்தல் டப்பாவில் நிரப்பினேன். தம்பியின் வத்தலைப் பாட்டிலில் போட்டுப் பரணில் ஏற்றினேன். லீவு முடிந்து தம்பி கிளம்பிப் போனான். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "ஏட்டி, இது குழம்பா சாயத்தண்ணியா?" என்று கேட்க ஆரம்பித்தார். நாள் தவறாமல் கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிள்ளை நல்ல பிள்ளை. பகலெல்லாம் சிரிப்பான். விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டால் போதும், காலைச் சுருட்டி வயிற்றோடு வைத்துக்கொண்டு, முகம் சிவக்க அழுவான். என் தம்பி மனைவி தோளில் போட்டு நடப்பாள், நான் நடப்பேன், யாரிடமும் அடங்க மாட்டான். எதிர்வீட்டுக்காரி வந்து வாங்கி, முற்றத்தில் மழைச்சாரல் படாமல் ஓரமாக நடந்துகொண்டே, தையல் மிஷின் மாதிரி டடடட என்று வாயால் சத்தம் கொடுப்பாள். அதற்கு மட்டும் கொஞ்சம் அடங்குவான்.

"எய்யா, ராசா, கண்ணைப் பாருங்க யக்கா, நாவப்பழம்! தொடையைப் பாருங்க! யாத்தே, இம்புட்டு அழகுப் பிள்ளைய நான் பாத்ததே இல்ல."

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேசுவதும் இல்லை, நாங்கள் கேட்பதும் இல்லை. ஆனால் செங்கோட்டையில் அவள் தங்கச்சி மாசமாக இருந்தாள். தாய் இல்லாத பிள்ளைகள் அக்காளும் தங்கையும். "அவளுக்குப் பிறந்தா நான்தான்கா போயி இருந்து பாக்கணும். குளிப்பாட்ட, தூங்க வைக்க எல்லாம் இவன்ட்டதான் பழகிக்கிடுதேன்," என்பாள். சின்னச் சட்டைகளாகத் தைத்துத் தைத்து ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்தாள்.

பிள்ளைகள் டாக்டரிடம் காட்டினோம். "வயித்துல காத்து, டீச்சர். இன்னும் ஒரு மாசத்துல தன்னால நின்னுரும்," என்றார். இதையெல்லாம் ஒரு வைத்தியமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே சுத்திப் போட்டேன்.

சுத்திப் போடுவது எங்கள் வீடுகளில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கல்லுப்பு, கடுகு, மூன்று வத்தல். கையில் மூடிக்கொண்டு பிள்ளையை மூன்று சுற்றுச் சுற்றி, ஊர்க்கண்ணு உறவுக்கண்ணு எல்லாம் எரிஞ்சு போகட்டும் என்று சொல்லி, நெருப்பில் போட வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவதற்காகச் சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக் கங்கு எப்போதும் இருக்கும், அதில் போட்டேன். கண் படவில்லை என்றால் வத்தல் நெடி மூக்கில் ஏறி வீடே தும்மும். கண் பட்டிருந்தால் நெடியே வராது, எல்லாவற்றையும் அந்தக் கண் தின்றுவிடும். இதைச் சந்தேகப்பட்டவர் யாரையும் நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை.

உப்பு படபடவென்று வெடித்தது. கடுகு பொரிந்தது. வத்தல் கருகியது. நெடி இல்லை. தொண்டையில் லேசாக ஒரு கமறல், அவ்வளவுதான்.

"அடி ஆத்தே! எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாத்தியா!" என்று தம்பி மனைவியிடம் சொன்னேன்.

மறுநாளும் போட்டேன், நெடி இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே, தினமும் ஒரு கண் வந்து விழுகிறதென்றால் அது பக்கத்தில் இருக்கிற கண்ணாகத்தானே இருக்க வேண்டும்? பகலில் ஆறாம் வகுப்புக்கு, எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று நடத்துகிறவள் நான். நானும் சோதித்துத்தானே பார்த்தேன், தினமும் ஒரே முடிவுதானே வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டப்பாவில் இருப்பது என்ன வத்தல் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. என் புத்தி முழுக்க முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. நாவப்பழம் என்றாளே, தொடையைப் பார் என்றாளே, என் முடியைத் தூக்கிப் பிடித்தாளே என்று ஒவ்வொன்றாகக் கோத்தேன்.

அவள் பிள்ளையைக் கேட்டு வந்தபோது, தூங்குகிறான் என்றேன். அவன் உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அடுத்த நாள், ஊசி போட்டிருக்கிறது, தூக்கினால் வலிக்கும் என்றேன். அதற்கடுத்த நாள் அவள் வாசலில் வந்து நின்றபோது நான் பிள்ளையின் முகத்தில் துண்டை இழுத்து மூடினேன். அவள் பார்த்தாள். திரும்பிப் போனாள்.

"மைனி, அவுக அப்படிப்பட்டவுக இல்ல. வாய் நெறைய சொல்லுதாக, அம்புட்டுதான்," என்றாள் தம்பி மனைவி.

"நீ சும்மா கெட. உனக்கு என்ன தெரியும்?" என்று அவள் மேல் விழுந்தேன். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

யார் கண் என்று தெரிந்துவிட்டால், அவர்கள் காலடி மண்ணை எடுத்து உப்போடு வத்தலோடு சேர்த்துச் சுற்றிப் போட்டால் கண் விலகும் என்பது வழக்கம். அவர்களுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். ஒரு மத்தியானம், அவள் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, முற்றத்தைத் தாண்டி அவள் வாசலில் போய்க் குனிந்தேன். முற்றத்தில் சிமெண்டுக் கல் பதித்து வருஷக்கணக்காகிறது, மண்ணுக்கு எங்கே போக? கல் இடுக்கில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் சாரல் கழுவிவிட்டிருந்தது. நான் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. தலையை நிமிர்த்தினால் அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு, வாசலில் ஒருத்தி குனிந்து மண் சுரண்டுவதைப் பார்த்தால் எதற்கென்று சொல்லவா வேண்டும்? கம்மல் திருகு விழுந்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அவள் என் காதைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"மண்ணுதானேக்கா?" என்றாள். "கல்லுல என்ன கெடைக்கும்? இருங்க."

உள்ளே போய்ச் செருப்பை எடுத்து வந்தாள். காகிதம் ஒன்றை விரித்து, அதன் மேல் செருப்பைத் தட்டினாள். ஒட்டியிருந்த காய்ந்த மண் கொஞ்சம் உதிர்ந்தது. அதை மடித்து, ஓரத்தைத் திருகி, மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி என் கையில் வைத்தாள்.

"பிள்ளைக்கு நல்லாப் போனாப் போதும்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அவள் என்னைக் கோட்டிக்காரி என்று திட்டியிருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம், வளவைக் கூட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. நானாவது அந்தப் பொட்டலத்தை அங்கேயே கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று சாயங்காலம் அந்த மண்ணைச் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போட்டேன். அப்போதும் நெடி வரவில்லை. "பாத்தியா? அவளேதான்," என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் வெளியே வருவது குறைந்துவிட்டது. நாங்கள் குழாயடியை விட்டு உள்ளே வந்த பிறகுதான் குடத்தோடு வருவாள். என் வீட்டுச் சாவியைத் தன் கணவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். மலையில் மேகம் இறங்கியது, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று வண்டி வண்டியாகக் கூட்டம் போனது, வளவில் மட்டும் கூப்பாடு இல்லை. நான் அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பிள்ளை அழுவது நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் முழுக்க விடாத மழை. சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தோம். பிள்ளை அன்றைக்கு வழக்கத்தைவிட முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டான். தம்பி மனைவி பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாள், என் வீட்டுக்காரர் முன்வாசல் கொட்டகையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுச் சாம்பிராணிச் சட்டியில் கங்கை ஊதினேன். கோபம் எனக்கு. இந்தச் சின்ன வத்தலுக்கெல்லாம் அடங்காத கண்ணாக இருக்கிறதே, இதற்குப் பெரிய வத்தல்தான் சரி என்று பரணில் ஏறிப் பாட்டிலை இறக்கினேன். ராஜா மிளகாய் மூன்று. சுற்றினேன், போட்டேன்.

முதலில் மூக்கில் ஊசி குத்தியது. அடுத்த மூச்சை உள்ளே இழுத்ததுதான் தெரியும், நெஞ்சு அப்படியே அடைத்துக்கொண்டது. கண் எரிந்து மூடிக்கொண்டது, திறக்கவே முடியவில்லை. இருமி இருமிக் குனிந்தேன். கை பட்டுச் சட்டி உருண்டது, கங்கு தரையில் சிதறியது. பிள்ளை எந்தப் பக்கம் கிடக்கிறான் என்று தெரியவில்லை. கையால் துழாவுகிறேன், சுவர் வருகிறது, கட்டில் கால் வருகிறது, பிள்ளை வரவில்லை. வீறிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று சத்தத்தை நிறுத்தினான். அந்தச் சத்தம் நின்றதுதான் என் வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே பெரிய சத்தம். நான் கத்தினேன், வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

யாரோ என்னைத் தாண்டிப் போவது தெரிந்தது. ஈரச்சேலை என் முகத்தில் உரசியது. டடடட என்று ஒரு சத்தம், பிள்ளைக்காகவா தனக்கே தைரியத்துக்காகவா தெரியாது, இருமலுக்கு நடுவில் அந்தச் சத்தம் வாசல் பக்கம் போனது. என் வீட்டுக்காரர் வந்து என் தலைமுடியைப் பிடித்துத்தான் என்னை வெளியே இழுத்தார்.

வளவு முழுக்க முற்றத்தில் நின்று மழையில் இருமிக்கொண்டிருந்தது. நடுவில் எதிர்வீட்டுக்காரி, கண் இரண்டும் வீங்கி மூடியபடி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, அவன் முகத்தை மட்டும் சாரலுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை ஒருமுறை தும்மினான். பிறகு வீலென்று கத்தினான். தம்பி மனைவி நனைந்த துணியோடு பின்கட்டிலிருந்து ஓடிவந்ததும், துழாவித் துழாவி அவள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளைக்கு மூச்சுக்கு மருந்து வைத்தார்கள், கண்ணைக் கழுவினார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏட்டி, கண்ணு பட்டா நெடி வராதுன்னுதானே சொல்லுவீங்க? இப்பம் வந்துச்சே, தெருவுக்கே வந்துச்சே! அப்ப இம்புட்டு நாளும் எந்த வத்தலைப் போட்ட?" என்றார்.

"நம்ம டப்பாவுல உள்ளதைத்தான்."

"எது, அந்தச் சாயத்தண்ணி வத்தலையா?" என்று சிரிக்க ஆரம்பித்தார். "காரமே இல்லாத வத்தல்ல நெடி எங்கேருந்துட்டி வரும்?"

சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். காலடி மண் கதை அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டுக்குப் போனேன். டப்பாவிலிருந்து நாலு காஷ்மீரி வத்தலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன், சாட்சிக்கு. அவள் கண் இன்னும் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, என் வீட்டுக்காரர் வயிறு, குழம்பு, வத்தல், எல்லாம். "இதுல நெடியே வராதுட்டி. என் புத்தியில செருப்பால அடி. உன் கண்ணுல ஒண்ணும் இல்ல," என்று அழுதேன். அவள் ஒரு வத்தலை வாங்கி, கிள்ளி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஆமாக்கா. காரமே இல்ல," என்றாள். "விடுங்க. பிள்ளை நல்லா இருக்கான்லா, அது போதும்."

காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். காரணத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற புத்தி எனக்கு, பள்ளிக்கூடத்துப் புத்தி. பிள்ளையின் அழுகையும் டாக்டர் சொன்ன மாதிரியே அடுத்த சில வாரங்களில் தன்னால் நின்றுவிட்டது.

செங்கோட்டையில் அவள் தங்கச்சிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நாள் போய்க்கொண்டே இருந்தது, இவள் கிளம்பவில்லை. "சீசன் நேரம், தையல் குவிஞ்சு கெடக்குக்கா," என்றாள். சீசனுக்கும் ஜாக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? பிறகு அவள் கணவர் என் வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறாள். வார்டுக்கு வெளியே நின்றுகொண்டு, மஞ்சப்பையைக் கணவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே போகாமலே பஸ் ஏறிவிட்டாளாம். தங்கச்சி தினமும் போன் போட்டு அழுகிறாளாம்.

அதைக் கேட்ட பிறகு அவளை நான் விடவில்லை. ஒரு நாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆட்டோவில் ஏற்றினேன். இலத்தூர் விலக்கைத் தாண்டும்போது மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. "பாருட்டி, எப்படி இருக்கு!" என்று நான் சொன்னேன். "ம்," என்றாள்.

தங்கச்சி வீட்டில் பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. இவள் தைத்த பூப்போட்ட சட்டைதான் போட்டிருந்தார்கள். தங்கச்சி இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவள் தொட்டில் பக்கத்தில் போய் நின்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. பிறகுதான் கவனித்தேன், அவள் பிள்ளையின் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தின் பக்கம் கண் போகவே இல்லை. ஒரு வார்த்தை வியக்கவில்லை.

"மொகத்தைப் பாருட்டி," என்றேன். "உன் தங்கச்சி பிள்ளை. உன்ன மாதிரியே இருக்கா பாரு."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அம்புட்டுப் புகைக்குள்ள ஓடிவந்து எங்க பிள்ளையத் தூக்குனவதானே நீ? அன்னைக்கு இல்லாத பயம் இன்னைக்கு என்னட்டி?"

"அன்னைக்குப் புகையில கண்ணே தெரியலைல்லாக்கா," என்றாள். "அதான் தைரியமாத் தூக்கிட்டேன்."

சொல்லிவிட்டு, தொட்டில் சேலையின் ஓரத்தை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.